சாம்பிராணிச் சந்து செங்கமலத்தின் பின்னால் போன நாள்

விருதுநகர் பருப்பு வியாபாரி தவசிலிங்கத்தின் மனைவி செங்கமலத்தின் மேல் பினாங்கில் ஒரு சந்துக்கு ஆசை வந்தது. வந்த ஆசையை அடக்கத் தெரியாமல் அந்தச் சந்து தன் இரண்டு சாரி வீடுகளோடும், டீக்கடையோடும், முடிவெட்டும் கடையோடும், சாக்கடை மூடிகளோடும், மாடிக் கழிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகளோடும் எழுந்து அவள் பின்னாலேயே நடந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் இதை இன்றும் பேசுகிறார்கள். பேசும்போது, சந்து எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் புருஷன்காரர் அன்றைக்கு என்ன பாடுபட்டார் என்றுதான் கேட்கிறார்கள்.

தவசிலிங்கம் கெட்டவர் இல்லை. கல்யாணமான புதிதில், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரின் குரல் நன்றாக இருக்கிறது என்று செங்கமலம் ஒருநாள் சொன்னாள். மறுநாள் ரேடியோ அவருடைய தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. கொல்லை முருங்கையில் வந்து உட்காரும் கிளியோடு அவள் பேசுகிறாள் என்று தெரிந்ததும், கம்பளிப்பூச்சி வருகிறது என்று காரணம் சொல்லி முருங்கை வெட்டப்பட்டது. "ஒனக்கு எதுக்குக் கஷ்டம், நான் வாங்கிட்டு வாரேன்" என்ற ஒரே பேச்சில் காய்கறிக்கடையும் துணிக்கடையும் வளையல்கடையும் அவளுக்கு இல்லாமல் போயின; செருப்பு வாங்குவதற்குக்கூட அவள் பாதத்தை நூலால் அளந்து, நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவரே போய் வந்தார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவார். டாக்டர் அவள் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். இப்படியே மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, சிங்கப்பூரில் வேலைக்கும் போன பிறகும், செங்கமலம் தன் சொந்த ஊர் பஜாரைத் தனியாக ஒருமுறைகூட நடந்து பார்த்ததில்லை.

மகள் நித்திலாதான் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். கப்பலில் ஏறிய நேரத்திலிருந்து செங்கமலம் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தவசிலிங்கத்துக்கு வயிற்றைப் புரட்டியது. கடல் அலையினால் கொஞ்சம், அவள் அதைப் பார்த்த பார்வையினால் மிச்சம். கடலைத் தூக்கித் தங்கை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதால் பேசாமல் இருந்தார்.

பினாங்கில் கப்பல் கட்டியதும் ஊர் சுற்றிக் காட்டும் பஸ் வந்து நின்றது. பூப்போட்ட சட்டை போட்ட வழிகாட்டி ஒருவன், "வணக்கம் மேடம், ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்" என்று சிரித்தான்.

"பஸ்ஸெல்லாம் வேண்டாம்," என்றார் தவசிலிங்கம்.

"அப்ப நடந்து போவோமா?" என்று கேட்டாள் செங்கமலம்.

மறுப்பதற்கு ஒரு காரணம் தேடினார். கிடைப்பதற்குள் அவள் பத்தடி போய்விட்டிருந்தாள்.

துறைமுகத்து வாசலைத் தாண்டி, மணிக்கூண்டைத் தாண்டி, வங்கிக் கட்டடங்களைத் தாண்டி, வாயில் நுழையாத பெயருள்ள தெருக்களைத் தாண்டி அவர்கள் வந்து சேர்ந்த இடம்தான் சாம்பிராணிச் சந்து. சாம்பிராணி விற்ற கடைகள் எப்போதோ மூடிவிட்டன. பெயரும், மழை பெய்தால் சுவரிலிருந்து கிளம்பும் லேசான வாசனையும் மட்டும் மிச்சம். கப்பல் வரும் நாளெல்லாம் அந்தச் சந்தில் கூட்டம் வரும்; போனைத் தூக்கிப் பிடித்து, போனுக்குள் சந்தைப் பார்த்து, போனோடு திரும்பிப் போகும். அப்படி ஆயிரம் கப்பல் பார்த்த சந்து அது. செங்கமலத்திடம் போன் இல்லை, அது தவசிலிங்கத்தின் பையில் இருந்தது. அதனால் அவள் கண்ணால் பார்த்தாள். நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், உடைந்த ஓட்டுக்குள் முளைத்திருந்த செடியை அண்ணாந்து பார்த்தாள், சீனர் வீட்டு வாசலில் சிவப்புப் பெட்டிபோல இருந்த சாமி மாடத்தைக் குனிந்து பார்த்தாள், குனிந்தவள் கும்பிட்டும் வைத்தாள். கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஓடும் நடைபாதையை அங்கே அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடியின் தரைக்கல் ஒவ்வொன்றிலும் என்ன பூ இருக்கிறது என்று படித்துக்கொண்டே நடந்தாள்.

டீக்கடை ஹனிபா நரைத்த தாடிக்காரர். அவளைப் பார்த்ததும், "பசியாறியாச்சா தங்கச்சி?" என்றார்.

"கப்பல்ல சாப்பிட்டோம்."

"கப்பல் சாப்பாடெல்லாம் ஒரு சாப்பாடா? உக்காருங்க."

அவர் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றினார். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அஞ்சலை, "பாத்துக்க, அவரு கல்யாணத்தப்ப தாலியையும் இப்படித்தான் ஒசரத்துலேர்ந்து கட்டப் பாத்தாரு" என்றாள். செங்கமலம் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை தவசிலிங்கம் அதற்கு முன் கேட்டதே இல்லை. தன் வீட்டு பீரோவில் தனக்குத் தெரியாமல் ஒரு நகை இருந்ததை அடுத்த வீட்டுக்காரன் சொல்லித் தெரிந்துகொண்டதுபோல நெஞ்சில் சுருக்கென்றது.

"போதும், எந்திரி," என்றார்.

அவள் எழுந்தாள். சந்தை விட்டு வெளியே வந்து வலது பக்கம் திரும்பினார்கள். திரும்பிய இடத்தில் நீலச் சுவர் இருந்தது, ஹனிபா குவளையைக் கழுவிக்கொண்டிருந்தார், அஞ்சலை பூக்கட்டிக்கொண்டிருந்தாள். வழி தவறிவிட்டது என்று தவசிலிங்கம் அவளை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் நீலச் சுவர். முடிவெட்டும் ஆ செங், ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையாக இருந்த ஆளின் மறு கன்னத்தை ஆரம்பித்திருந்தார். மூன்றாவது முறை திரும்பியபோது அந்த ஆள் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஊரு இது, எங்க போனாலும் ஒரே எடம்!" என்று கத்தினார் தவசிலிங்கம்.

"ஒரே எடம் இல்லண்ணே," என்றாள் அஞ்சலை, நாரைப் பல்லில் கடித்தபடி. "சந்து ஒங்க பின்னாடி வருது. ஒங்க பின்னாடி இல்ல, தங்கச்சி பின்னாடி."

"எங்க வாப்பா காலத்துல ஒருக்கா இப்படிப் போயிருக்கு," என்றார் ஹனிபா. "பிள்ளப்பேறு பாக்குற நர்சு ஒருத்தி. ஆயர் ஈத்தாம் வரைக்கும் அவ பின்னாடி போய், அவ வீட்டு வாசல்ல படுத்துக்கிச்சாம். எல்லாரும் அங்கேருந்தே வேலைக்குப் போனாங்க. அவளுக்குக் கல்யாணம் ஆனதும் திரும்பி வந்திருச்சு."

"இவளுக்குக் கல்யாணம் ஆகி மக இருக்கா!" என்றார் தவசிலிங்கம்.

"அத சந்துக்கிட்ட சொல்லு லா," என்றார் ஆ செங், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே.

அவர் சொல்லித்தான் பார்த்தார். சுவரைப் பார்த்து விரலை நீட்டி, இது குடும்பப் பெண், இது சரியில்லை, மரியாதையாகத் திரும்பிப் போ என்றார். ஒரு மாடி ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவ்வளவுதான். செங்கமலம் நடந்தாள், சந்து நடந்தது. நடக்கிற சந்தில் வாழ்வது எப்படி என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. பெண்கள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கித் தரையில் வைத்தார்கள், ஹனிபா கண்ணாடிக் குவளைகளைத் துண்டில் சுற்றினார், மாடித் துணிகள் காற்றில் கொடிபோலப் பறந்தன, தபால்காரர் மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்து ஓடுகிற வாசல்களில் தபாலை வீசினார், சிக்னலில் சிவப்பு விழுந்தபோது சந்து நின்றது, பச்சை விழுந்தபோது கிளம்பியது. போலீஸ்காரர் ஒருவர், சந்துகள் இடது ஓரமாகப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பக்கத்திலிருந்த கயிற்றுக்காரத் தெருவுக்குத்தான் தாங்கவில்லை. அந்தத் தெருவும் பழைய தெருதான், அதிலும் டீக்கடை உண்டு, அதன் அஞ்சடியிலும் பூக்கல் உண்டு. "நம்ம தெருவுல என்ன கொறை?" என்று அந்த ஆட்கள் வெளியே வந்து தண்ணீர் விட்டு வாசல் கழுவினார்கள், அகால நேரத்தில் விளக்கு ஏற்றினார்கள், பட்டுச்சேலையை எடுத்து மாடியில் தொங்கவிட்டார்கள், அவள் இந்தப் பக்கம் திரும்புவாளா என்று வரிசையாக நின்றார்கள். சாம்பிராணிச் சந்து ஒரு விசும்பல் விசும்பி, தன் மாடிகளை உயர்த்தி, கயிற்றுக்காரத் தெரு அவள் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டது.

அதைப் பார்த்தபோது தவசிலிங்கத்துக்கு உடம்பு கூசியது. அந்தச் செய்கை அவருக்குத் தெரிந்த செய்கை.

ஆனாலும் விடவில்லை. ஒரு டாக்சியைப் பிடித்து அவளை ஏற்றினார். வண்டி ஓடியது, இன்ஜின் இரைந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹனிபா நின்றுகொண்டே இருந்தார். டாக்சிக்காரர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, காடி ஓடுது, எடம் மாற மாட்டேங்குது. எறங்கிக்கிறீங்களா?" என்றார்.

இறங்கி நடந்தார்கள். அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். அஞ்சடி என்பது கடைக்குக் கடை ஏற்ற இறக்கமாக இருக்கும், ஏறி இறங்கித்தான் நடக்க வேண்டும். செங்கமலம் இடது காலைத் தூக்கி வைக்கும் இடத்தில் மட்டும் படி தானாகத் தாழ்ந்து தரையோடு தரையாகிக் கொடுத்தது. வலது காலுக்கு அப்படி இல்லை. இடது காலுக்குத்தான்.

"அது ஏன் எடது காலுக்கு மட்டும் எறங்குது?"

"எடது முட்டி வலிக்கும்," என்றாள் அவள்.

"எப்பலேர்ந்து?"

"அது கெடக்கு, ரொம்ப வருசமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நடந்தாத்தான வலிக்கும். நீங்க என்னைய எங்க நடக்கவிட்டீங்க?"

குற்றம் சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. பாதத்தின் நீளத்தை நூல் பிடித்துத் தெரிந்துவைத்திருந்த மனுஷனுக்கு அதற்கு ஒரு முழம் மேலே இருந்த வலி தெரியவில்லை. காலையில் பார்த்த ஒரு சந்துக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வழியெல்லாம் அந்தப் படிகளை முறைத்துக்கொண்டே நடந்தார், அவர் கால் வைத்த படிகள் ஒவ்வொன்றும் ஒரு விரல்கடை உயர்ந்து அவரைத் தடுக்கிவிட்டன.

மத்தியானத்துக்கு மேல் துறைமுகத்து வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். காவலாளி கப்பல் அட்டையைக் கேட்டான். இருவரும் காட்டினார்கள். சந்திடம் அட்டை இல்லை.

"இதுக்கு மேல விட முடியாது," என்றான் காவலாளி. சந்து வாசலிலேயே நின்றுவிட்டது. அதன் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. சந்து ஆட்கள் இறங்கி வந்து கூடினார்கள். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் வீட்டைக் காணாமல் நிற்கும் என்றாள் ஒருத்தி. கோயிலுக்குச் சாயங்காலம் மாலை கொடுக்கணும் என்றாள் அஞ்சலை. யாரும் செங்கமலத்தைக் குறை சொல்லவில்லை. இங்கேயே இருந்துவிடச் சொல்லலாம் என்றார் ஒருவர்; மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்றார் இன்னொருவர்.

"வா, மேல ஏறு. திரும்பிப் பாக்காத," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார் தவசிலிங்கம். அதே நேரம் சந்தின் மாடியிலிருந்து ஒரு சேலை சரிந்து விழுந்து அவள் தோளைச் சுற்றிக்கொண்டது.

செங்கமலம் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். சேலையை எடுத்து மடித்து, அஞ்சலையிடம் கொடுத்தாள். பிறகு தன் புருஷனையும் அந்தச் சந்தையும் ஒருசேரப் பார்த்தாள்.

"எனக்கு யாரும் பின்னாடி வர வேண்டாம்," என்றாள். "நான் தனியா நடந்துட்டு வாரேன். ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

"கப்பல் போயிரும்!" என்றார் அவர்.

"சங்கு ஊதுவாங்கல்ல, கேக்கும்." போய்விட்டாள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பார்க்க அவரும் சந்தும் ஒரே நேரத்தில் எட்டினார்கள். ஒரு லாரி குறுக்கே வந்தது. லாரி போனபோது அவள் இல்லை.

காத்திருப்பது என்றால் என்னவென்று தவசிலிங்கத்துக்குத் தெரியாது. அவருக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். இப்போது நிற்க இடமில்லாமல், வேறு வழியில்லாமல் அந்தச் சந்தின் படியிலேயே உட்கார்ந்தார். படி உயரவும் இல்லை, தாழவும் இல்லை. கயிற்றுக்காரத் தெருப்பக்கமிருந்து யாரோ கைதட்டுகிற சத்தமும் சிரிப்புச் சத்தமும் காற்றில் வந்தன. அவர் விறைத்து உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் நடுங்கியது.

"பயப்படுது," என்றார் ஹனிபா, தேநீர்க் குவளையை அவர் கையில் வைத்து.

"எதுக்குப் பயம்?"

"நீங்க எதுக்குப் பயப்படுறீங்களோ, அதுக்குத்தான் தம்பி."

தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "அவளுக்குக் கருவாடு ஆகாது. தெரியுமா ஒனக்கு?" என்றார். சுவரை விரலால் தட்டினார். "தெரியாதுல்ல? இருமல் வந்தா மிளகு ரசம்தான் கேப்பா. இடிக்குப் பயம். இடி இடிச்சா என் சட்டையப் பிடிச்சுக்கிருவா." ஒரு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அவருக்கு உற்சாகமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன நாளில் அவள் கட்டியிருந்த சேலையின் நிறம், மகள் பிறந்தபோது அவள் முதலில் கேட்ட கேள்வி, புளி கரைக்கும்போது அவள் விரல் போகும் விதம் எல்லாம் சொன்னார், சொல்லச் சொல்ல நீலச் சுவர் வெளிறியது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தார், ஒன்றும் வரவில்லை. யோசித்தார். அவளுக்குப் பிடித்த ஊர் எது என்று தெரியவில்லை. அவள் கனவு காண்கிறவளா என்று தெரியவில்லை. இப்போது எந்தத் தெருவில், யாரோடு, எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை. இத்தனை வருசத்துக்குச் சொல்ல இருந்தது ஒரு குவளை தேநீர் ஆறும் நேரத்துக்குத்தான் வந்தது.

அவர் சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, உட்கார்ந்திருந்த படி ஒரு விரல்கடை தாழ்ந்து அவர் காலுக்கு இடம் கொடுத்தது.

முதல் சங்கு ஊதியது. பஸ்ஸில் போனவர்கள் பொட்டலங்களோடு திரும்பி வந்து கப்பலில் ஏறினார்கள். ஆ செங் கடையை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அஞ்சலை கட்டிய மாலையைத் தண்ணீர் தெளித்து மூடிவைத்தாள். இரண்டாவது சங்கு ஊதியது. காவலாளி வாசலைப் பாதி சாத்தினான்.

அப்போது செங்கமலம் வந்தாள். எல்லோரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கடற்சுவர் ஓரமாக வந்தாள். கொண்டை அவிழ்ந்து பின்னலாகியிருந்தது, அதை யாரோ பின்னிவிட்டிருந்தார்கள். செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் எங்கும் செம்மண் கிடையாது. அவளிடமிருந்து ஈரக் காட்டின் வாசனை வந்தது. கையில் பாதி தின்ற ஒரு பழம். லேசாக நொண்டினாள். முகம், நல்ல பசிக்குச் சாப்பிட்டு எழுந்தவள் முகம்போல இருந்தது.

சந்தின் ஜன்னல்கள் அத்தனையும் திறந்துகொண்டன. எங்கே போயிருந்தாய், யார் தலை பின்னியது, யார் பழம் கொடுத்தது என்ற மூன்று கேள்விகளும் தவசிலிங்கத்தின் தொண்டையில் வந்து நின்றன. கசக்கிற மாத்திரையை முழுங்குவதுபோல ஒவ்வொன்றாக முழுங்கினார். அவர் முழுங்குவதைச் சந்து ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"கப்பல் கெளம்பப் போகுது," என்றார்.

"சாப்பிடுங்க," என்று பழத்தை நீட்டினாள். "பேரு தெரியல."

சாப்பிட்டார். புளிப்பும் இனிப்புமாக, அவர் வாழ்நாளில் சாப்பிடாத ருசியாக இருந்தது. அழுகை வந்தது. கொட்டையைத் துப்ப மனசில்லாமல் வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டார்.

அவள் நீலச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "வீட்டுக்குப் போ," என்றாள். "பிள்ளைக பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து தேடும்." சந்து சற்று நேரம் அவள் கைக்குக் கீழே நின்றது. பிறகு, துணிகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மெதுவாக, இடது ஓரமாகத் திரும்பிப் போனது.

பழைய இடத்தில் போய் உட்கார்ந்ததும் சரியாகப் பொருந்தவில்லை. அவள் செருப்பில் இருந்த செம்மண் ஊருக்குப் பின்னால் இருக்கும் கொடிமலை அடிவாரத்து மண் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்போல; அன்றிலிருந்து சாம்பிராணிச் சந்து முழுவதும் கொடிமலைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஹனிபா மேசைக் காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறார். ஆ செங் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் நின்று முடிவெட்டப் பழகிவிட்டார். அன்று அவள் தங்கள் தெரு வழியாக இரண்டு தடவை போனாள் என்று கயிற்றுக்காரத் தெருவில் சத்தியம் பண்ணுகிறார்கள். அதைச் சாம்பிராணிச் சந்துக்குக் கேட்கும்படி மட்டும் யாரும் சொல்வதில்லை.

கப்பல் நகர்ந்தபோது செங்கமலம் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் சின்னதாகிக்கொண்டே போனது. தவசிலிங்கம் அவள் பக்கத்தில் நின்று, அவள் பார்க்கும் இடத்தையே பார்த்தார். கூரைகளும் மலையும் மேகமும்தான் தெரிந்தன. அதில் எது அவளுடையது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நாளைக்கு புக்கெட்டுல எத்தன மணிக்கு எறக்கிவிடுவாங்க?" என்று கேட்டாள்.

ஏழு மணிக்கு என்று காலையிலேயே அவர் விசாரித்து வைத்திருந்தார். மலை மேகத்துக்குள் போகும்வரை யோசித்தார்.

"எட்டு மணிக்கு," என்றார்.

"ஏழுன்னு இப்பத்தான் மைக்குல சொன்னாங்க," என்றாள் அவள், திரும்பாமலே.

"ஆமா," என்றார் தவசிலிங்கம். "ஏழுதான்."